கோதா – 9: ஊரை மறைத்த ரிக்கிடோசான்

சுமோ வீரருக்குக் குடுமிதான் எல்லாம். எண்ணெய் தடவி, வாரி, முடிந்து கட்டுவதற்கென்றே ஒவ்வொரு பயிற்சிக்கூடத்திலும் தனி ஆள் உண்டு. ஓய்வுபெறும் நாளில் பெரிய சபை கூட்டுவார்கள். ஆதரவாளர்களும் நண்பர்களும் ஒவ்வொருவராக மேடையேறி ஆளுக்கொரு வெட்டு வெட்ட, கடைசி வெட்டை ஆசான் வெட்டுவார். வீரர் கண்ணீர் விடுவார், பார்ப்பவர்களும் அழுவார்கள்.

1950 ஆகஸ்ட் மாத இறுதியில் ஓர் இரவு, டோக்கியோவில் ஒரு சுமோ வீரர் சபையும் ஆசானும் இல்லாமல், தன் வீட்டுச் சமையலறையில் மீன் நறுக்கும் கத்தியை எடுத்துத் தன் குடுமியைத் தானே அறுத்துப் போட்டார். அவருக்கு வயது 25. சுமோவின் உச்சியிலிருந்து மூன்றாவது படியான செக்கிவாக்கேயைத் தொட்டுவிட்டு வந்தவர். இன்னும் இரண்டே படிகள்தான் பாக்கி. களத்தில் அவர் பெயர் ரிக்கிடோசான்.

சென்ற வாரம் காமா பயில்வானை லாகூரில் விட்டுவிட்டு வந்தோம். காமாவின் குஸ்தியில் வெற்றி தோல்வி மண்ணில் தீர்மானமானது. இந்த வாரம் நாம் இறங்கப்போகும் கோதா வேறு வகை. நான்கு கம்பம், சுற்றிலும் கயிறு, முடிவை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடும் தொழில்முறை மல்யுத்தம். இதை ‘டூப்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விழும் உடம்பு நிஜம், உடையும் எலும்பு நிஜம், பார்க்கிறவர்களின் அழுகையும் ஆவேசமும் நிஜம். போரில் தோற்றுத் தலைகுனிந்து கிடந்த ஒரு தேசம் இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படி நிமிர வைத்த மனிதரைத் தன்னவர் என்று கொண்டாடிய அந்தத் தேசம், அவர் எங்கே பிறந்தவர் என்று சொல்ல மட்டும் அவருக்கு இடம் தரவில்லை. ரிக்கிடோசானின் வாழ்க்கையை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

அவருடைய இயற்பெயர் கிம் சின்-ராக். 1924 நவம்பர் 14 அன்று கொரியாவின் தென் ஹாம்கியோங் மாகாணத்தில் பிறந்தார். இன்றைய வரைபடத்தில் அது வடகொரியா. அன்றோ கொரியா முழுவதும் ஜப்பானின் காலனி. 1910-லேயே ஜப்பான் அந்த நாட்டை விழுங்கிவிட்டிருந்தது. கொரியர்களுக்கென்று ‘சிரும்’ என்றொரு மல்யுத்தம் உண்டு. இடுப்பிலும் தொடையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, அதை எதிராளி பிடித்துத் தூக்கிச் சாய்க்கும் ஆட்டம். அண்ணனோடு சேர்ந்து அதில் கெட்டிக்காரனாக இருந்த சிறுவனை, ஜப்பானிலிருந்து வந்திருந்த மொமோட்டா மினோசுகே என்பவர் ஒரு போட்டியில் பார்த்தார். டோக்கியோவின் நிஷோனோசெக்கி பயிற்சிக்கூடத்துக்கு வேண்டிய மனிதர் அவர். பையனைச் சுமோவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். தாய் சம்மதிக்கவில்லை. மகனைப் பிடித்துவைக்க அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்றும் சொல்வார்கள். எதுவும் பலிக்கவில்லை. 1940 மே மாதம், 15 வயதில், ரிக்கிடோசான் டோக்கியோவில் சுமோ களத்தில் கால்வைத்தார்.

தொடக்கத்தில் சுமோ பட்டியலில் அவருடைய ஊர் கொரியா என்றுதான் அச்சாகியிருந்தது. பிறகு அது நாகசாகி மாவட்டத்தின் ஓமுரா என்று மாறியது. ஓமுரா அவரை அழைத்துவந்த மொமோட்டாவின் ஊர். பட்டியலில் ஒரு வரி மாறியது, அவ்வளவுதான். அதற்குப் பின் சாகும்வரை அவர் அந்த வரிக்குள்தான் வாழ்ந்தார்.

போர் முடிந்த 1945-ல் கொரியா விடுதலை பெற்றது, கையோடு இரண்டாகவும் பிளந்தது. அவர் பிறந்த ஊர் சோவியத் பக்கம் போனது. தாயும் அண்ணன்களும் அங்கே, இவர் இங்கே. 1946-ல் சுமோவின் மேல் பிரிவுக்கு வந்தார். 1947 ஜூன் போட்டியில் பட்டத்தை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டம்வரை போய்த் தவறவிட்டார். 1949-ல் செக்கிவாக்கே. அந்த வருஷமே நுரையீரலில் ஒட்டுண்ணி நோய் வந்து படுத்துக்கொண்டார். சரியாக வேகாத நண்டைச் சாப்பிடுவதால் வரும் நோய் அது. மருந்து விலை அதிகம், உடம்பு கரைந்தது, கடன் ஏறியது. பயிற்சிக்கூடத்தின் தலைவர் கை கொடுக்கவில்லை என்ற ஆத்திரம் அவருக்கு. இன்னொரு கசப்பும் இருந்தது என்கிறார்கள், கொரியன் என்பதால் மேலே ஏறவிட மாட்டார்கள் என்ற கசப்பு. கத்தியை எடுத்த அந்த இரவுக்குப் பின்னால் இத்தனையும் இருந்தன.

சுமோவை விட்டவருக்குச் சோறு போட்டவர் நிட்டா ஷின்சாகு என்ற கட்டட ஒப்பந்தக்காரர். அவருடைய கட்டுமான வேலைகளில் மேற்பார்வையாளராக நின்றார் ரிக்கிடோசான். இந்தக் காலத்தில்தான் இன்னொரு காரியமும் நடந்தது. மொமோட்டா குடும்பப் பதிவேட்டில் மொமோட்டா மித்சுஹிரோ என்ற பெயரில், அந்த வீட்டின் மகனாக அவர் பதிவானார். இதன் கனத்தைப் புரிந்துகொள்ள 1952 ஏப்ரல் 28-ஐ நினைவில் வைக்க வேண்டும். போருக்குப் பிந்தைய சமாதான ஒப்பந்தம் அமலுக்கு வந்த அன்றே, ஜப்பானில் வாழ்ந்த லட்சக்கணக்கான கொரியர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்து அந்நியர்களானார்கள். பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லாதிருந்தால் ரிக்கிடோசானும் அந்நியர்தான். தேசத்தின் நாயகனாக ஆகியிருக்கவே முடியாது.

1951 இலையுதிர்காலத்தில் ஊனமுற்ற குழந்தைகளுக்கு நிதி திரட்டவும், அமெரிக்கப் படைவீரர்களை மகிழ்விக்கவும் ஒரு மல்யுத்தக் குழு டோக்கியோவுக்கு வந்தது. தலைமை பாபி பிரன்ஸ். குழுவில் ஹரால்டு சகாடா என்ற ஹவாய்க்காரரும் இருந்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்கி வெள்ளி வாங்கியவர். ஜேம்ஸ் பாண்டின் ‘கோல்டுஃபிங்கர்’ படத்தில் தொப்பியை வீசி ஆளைக் கொல்லும் அடியாளாகப் பின்னாளில் நடித்தவரும் இவர்தான். புது ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க உள்ளூர் ஆட்களைத் தேடிய இந்தக் குழுவின் கண்ணில் ரிக்கிடோசான் பட்டார். அக்டோபர் 28 அன்று பிரன்ஸோடு 10 நிமிட ஆட்டம், சமன். மூச்சு வாங்கி நிற்க முடியாமல் தவித்தார். சுமோ ஆட்டம் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். 10 நிமிடம் ஓயாமல் மோதுவதற்கு வேறு நுரையீரல் வேண்டும். அடுத்த பிப்ரவரியில் ஹொனலுலு போனார். ஓக்கி ஷிக்கினா என்ற பழைய மல்லர் அவரைக் கடற்கரை மணலில் ஓடவிட்டு, சுமோவுக்காக ஏற்றிய உடம்பைக் கரைத்து, இந்த ஆட்டத்துக்கான உடம்பைக் கட்டினார். ஹவாய், சான் பிரான்சிஸ்கோ என்று ஓராண்டு ஆடிவிட்டு 1953-ல் திரும்பி, ஜப்பான் மல்யுத்தக் கழகத்தைத் தொடங்கினார்.

அந்த ஆண்டுதான் ஜப்பானில் தொலைக்காட்சியும் பிறந்தது. அரசு சார்ந்த என்.எச்.கே. பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது பதிவாகியிருந்த பெட்டிகள் 866 மட்டுமே. ஆகஸ்டில் முதல் தனியார் நிலையமான நிப்பான் டிவி வந்தது. அதன் அதிபர், யோமியூரி நாளிதழை நடத்திய ஷோரிகி மட்சுதாரோ, வியாபாரம் தெரிந்தவர். மக்களால் பெட்டி வாங்க முடியாவிட்டால் பெட்டி மக்களிடம் போகட்டும் என்று ரயில் நிலைய வாசல்களிலும் கடைத்தெருக்களிலும் உயரத்தில் பெட்டிகளை வைத்தார். பஞ்சாயத்து போர்டு டிவியின் முன்னால் ஊரே கூடி உட்கார்ந்த காலத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பெட்டி தயார், கூட்டமும் தயார். காட்ட ஒரு சங்கதிதான் வேண்டியிருந்தது.

1954 பிப்ரவரி 19. டோக்கியோவின் குராமே சுமோ அரங்கம். ஒரு பக்கம் உலக இரட்டையர் சாம்பியன்களான பென் ஷார்ப், மைக் ஷார்ப் சகோதரர்கள். பிறப்பால் கனடியர்கள், ஆனால் பார்த்த ஜப்பானியர்களுக்கு அவர்கள் அமெரிக்கர்கள்தாம். இருவரும் ஆறடியை வெகுவாகத் தாண்டியவர்கள். மறுபக்கம் ரிக்கிடோசானும் ஜூடோ மேதை கிமுரா மசாஹிகோவும். இரண்டு நிலையங்களும் நேரடியாக ஒளிபரப்பின.

ஆட்டம் எப்படி நகர்ந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அடுத்த 10 ஆண்டுகள் இதுவேதான் திரும்பத் திரும்ப நடந்தது. முதலில் வெள்ளைக்காரர்கள் முறைதவறி ஆடுவார்கள். நடுவர் பார்க்காதபோது இருவரும் சேர்ந்து ஒருவரை அடிப்பார்கள், கயிற்றில் வைத்துக் கழுத்தை நெரிப்பார்கள். அடி வாங்குபவர் பெரும்பாலும் கிமுரா. மூலையில் நிற்கும் ரிக்கிடோசான் கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார், நடுவரிடம் முறையிடுவார், பொறுப்பார். கூட்டத்தின் பொறுமை அறுந்துபோகும் கணம் பார்த்து உள்ளே பாய்வார். விரித்த கையின் ஓரத்தால் எதிராளியின் மார்பிலும் கழுத்திலும் கராத்தே வெட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த நெடிய உருவம் பின்வாங்கிக் கயிற்றில் சாயும், பின்பு மண்டியிடும். போர் முடிந்து ஒன்பதாவது ஆண்டு. தெருவில் அமெரிக்கச் சிப்பாயைப் பார்த்தால் ஒதுங்கி நின்று பழகிய மக்கள், ஒரு வெள்ளைக்காரர் மண்டியிடுவதை அன்று கண்ணால் கண்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்த அந்த ஆட்டம் தலைக்கு ஒரு வெற்றியோடு சமனில் முடிந்தது. ஷிம்பாஷி ரயில் நிலையச் சதுக்கத்தில் மட்டும் 20,000 பேர் ஒரு சிறிய திரையை அண்ணாந்து பார்த்து நின்றதாகக் கணக்கு. அந்தக் காட்சியின் புகைப்படங்கள் இன்றும் ஜப்பானியப் பாடநூல்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. தொடர்ந்து மூன்று நாள் இதே கூத்து. ஜப்பானில் தொலைக்காட்சி நிலைத்தது ரிக்கிடோசானின் வலது கையால்தான் என்று சொல்வதில் மிகையில்லை.

இந்தக் கொண்டாட்டத்தில் ஒருவர் மட்டும் புழுங்கிக்கொண்டிருந்தார். கிமுரா.

ஜப்பானிய ஜூடோவில் கிமுராவுக்கு முன்னும் பின்னும் கிமுரா இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். போருக்கு முன்பே தொடர்ந்து தேசிய சாம்பியன். 1951 அக்டோபரில் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் அந்நாட்டு ஜுஜுட்சு வீரர் ஹேலியோ கிரேசியின் கையை மடக்கி முறித்தவர். அந்தப் பிடிக்கு இன்றும் உலகெங்கும் ‘கிமுரா’ என்றே பெயர். மனைவிக்குக் காசநோய். மருந்துக்குப் பணம் தேடித்தான் தொழில்முறை ஆட்டத்துக்கே வந்தார். வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை, ரிக்கிடோசான் வந்து காப்பாற்றும்வரை அடி வாங்கி விழுவது. ஊர் ஊராக இதையே செய்தார். கடைசியில் 1954 நவம்பரில் அசாஹி நாளிதழிடம் மனம் திறந்தார். ரிக்கிடோசானின் ஆட்டம் வெறும் காட்சி, நிஜமாக மோதினால் நான் தோற்கமாட்டேன் என்பது அவர் பேச்சின் சாரம். நாடே பற்றிக்கொண்டது.

1954 டிசம்பர் 22, அதே குராமே அரங்கம். ஜப்பானின் முதல் ஹெவிவெயிட் பட்டம் யாருக்கு என்பதற்கான ஆட்டம். கிமுரா பின்னாளில் சொன்னபடி, இருவரும் முன்பே பேசிவைத்திருந்தார்கள். இது சமன். அடுத்ததில் ஒருவர் வெல்வது, அதற்கடுத்ததில் மற்றவர். தன் பக்கத்து ஒப்புதலைக் கிமுரா காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ரிக்கிடோசானிடமிருந்து காகிதம் வரவில்லை.

சுமார் 13 நிமிடங்கள்வரை இருவரும் வழக்கமான பிடிகளைப் பரிமாறிக்கொண்டார்கள். கிமுராவின் கால் ரிக்கிடோசானின் இடுப்புக்குக் கீழே பட்டது. வேண்டுமென்றே உதைத்தார் என்றார் ரிக்கிடோசான், லேசாகப் பட்டது என்றார் கிமுரா. அடுத்த நொடி ரிக்கிடோசானின் முகம் மாறியது. திறந்த கையால் முகத்தில், கழுத்தில், காதோரம் என்று அடி விழுந்தது. ஒத்திகை பார்த்த அடிகள் இல்லை அவை. கிமுரா தடுமாறி மூலைக்குப் போனார், குனிந்தார், முகத்தில் உதை வாங்கி விழுந்தார். விரிப்பில் ரத்தம் தேங்கியது. 15 நிமிடம் 49 நொடியில் எல்லாம் முடிந்தது. படச்சுருள் இன்றும் இருக்கிறது. பலமுறை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் கிமுரா எதிர்பார்த்து நின்றது சமனைத்தான். தற்காப்புக்குக் கை தூக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த நாட்களில் ரிக்கிடோசான் அந்தக் காகிதத்தைப் பத்திரிகைகளுக்குக் காட்டினார். கிமுராதான் பேரம் பேசினார் என்று ஊர் அவரையே தூற்றியது. என்னைக் கேட்டால் இது துரோகம். ரிக்கிடோசான் என்ற மனிதர் மீது எனக்கு எவ்வளவோ பரிவு உண்டு. அந்த இரவுக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. கிமுரா பல்கலைக்கழகத்தில் ஜூடோ சொல்லிக்கொடுத்து 1993 வரை வாழ்ந்தார். கிமுரா மசாஹிகோ ஏன் ரிக்கிடோசானைக் கொல்லவில்லை என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து மசுதா தோஷினாரி எழுதிய தடித்த நூல் 2011-ல் வெளிவந்தது, விருதும் பெற்றது. ஜப்பானுக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

பட்டத்தோடு சேர்ந்து ரிக்கிடோசானுக்கு எதிரே உள்நாட்டில் நிற்க ஆளில்லாமல் போனது. 1955 நவம்பரில் ஆசியப் பட்டம். இந்த இடத்தில் நமக்குப் பழக்கமான முகங்கள் வருகின்றன. டோக்கியோவுக்கு வந்து ஆடியவர்களில் நம் தாராசிங் ஒருவர், டைகர் ஜோகிந்தர் சிங் இன்னொருவர். ருமேனிய மண்ணில் பிறந்து சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஆசியா முழுக்க ஆடிய கிங்காங் மூன்றாமவர். நம் ஊர்த் தாத்தாக்கள் திண்ணையில் பேசிய அதே தாராசிங், அதே கிங்காங். இறுதி ஆட்டத்தில் கிங்காங்கைச் சாய்த்து ஆசிய ஹெவிவெயிட் பட்டத்தை எடுத்துக்கொண்டார் ரிக்கிடோசான்.

1957 அக்டோபர் 7 அன்று உலக சாம்பியன் லூ தெஸ் டோக்கியோ கொராகுவென் மைதானத்துக்கு வந்தார். 60 நிமிடம் மோதியும் முடிவு இல்லை. அன்றைய தொலைக்காட்சிப் பார்வை விகிதம் 87 சதவீதம் என்கிறது கணக்கெடுப்பு. தெஸ் எந்தப் பிடியையும் நிஜமாகவே போடத் தெரிந்த அசல் மல்லர். அவர் ரிக்கிடோசானை மதித்தார் என்பது பெரிய சான்றிதழ். 1958 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் அதே தெஸ்ஸை வென்று சர்வதேசப் பட்டத்தோடு ஊர் திரும்பினார். அமெரிக்காவில் யாரும் பெரிதாக எண்ணாத அந்தப் பட்டம் ஜப்பானில் கிரீடமானது.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை இரவு 8 மணி என்றால் மல்யுத்தம். மிட்சுபிஷி நிறுவனத்தின் விளம்பர நேரம் அது. ஒரு வாரம் ரிக்கிடோசான், மறுவாரம் ‘டிஸ்னிலேண்ட்’ நிகழ்ச்சி என்று மாற்றி மாற்றி ஓடியது. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மிட்சுபிஷியின் தூசி உறிஞ்சும் இயந்திரத்தைக் கோதாவுக்குள் தூக்கிவந்து, கேமரா பார்க்க விரிப்பைச் சுத்தம் செய்வார்கள். ரத்தம் சிந்திய அதே விரிப்பு. வீட்டில் பெட்டி வாங்கத் தொடங்கியிருந்த நடுத்தர வர்க்கம் அடுத்து அந்த இயந்திரத்தையும் வாங்கியது. வருமானம் பெருகியது. ஷிபுயாவில் தன் பெயரில் ரிக்கி விளையாட்டு மாளிகை, அது தவிர அடுக்குமாடிக் குடியிருப்பு, இரவு விடுதி எல்லாம் கட்டினார். ஆளுங்கட்சியின் துணைத் தலைவர் ஓனோ பன்போகு அவருடைய மல்யுத்தக் கழகத்தின் ஆணையர். அதே கழகத்தின் நிழலில் யாகுசா தாதாக்களும் இருந்தார்கள். அரங்கம் பிடிப்பதற்கும் டிக்கெட் விற்பதற்கும் அவர்கள் தயவில்லாமல் அன்று எந்தக் கேளிக்கைத் தொழிலும் நடக்காது.

1962-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஃப்ரெட் பிளாஸியைத் தோற்கடித்தார். பிளாஸி கேமரா முன்னால் அரத்தால் பல்லைத் தீட்டிக் காட்டுபவர், எதிராளியின் நெற்றியைக் கடித்து ரத்தம் வரவழைப்பவர். அவர் ஜப்பானுக்கு வந்து ஏப்ரலில் கோபே நகரில் ஆடியதைத் திரையில் பார்த்த முதியவர்கள் சிலர் அதிர்ச்சியில் இறந்ததாக நாளிதழ்கள் எழுதின. இதை ஒளிபரப்பலாமா என்று நாடெங்கும் விவாதம் எழுந்தது. 1963 மே மாதம் முகமூடி அணிந்த ‘டெஸ்ட்ராயர்’ வந்து மோதிய இரவில் பார்வை விகிதம் மீண்டும் 60 சதவீதத்தைத் தாண்டியது.

ரசிகர்கள் பார்த்தது இந்த முகத்தை. வீட்டுக்குள் இன்னொரு முகம் இருந்தது.

குடித்தால் அடிதடி. விடுதிகளில் மேசை உடையும். சீடர்களைக் கையில் கிடைத்ததைக் கொண்டு அடிப்பார். 1960-ல் பிரேசில் போனபோது, குடும்பத்தோடு காப்பித் தோட்டத்தில் கூலிவேலை செய்துகொண்டிருந்த 17 வயது ஜப்பானியப் பையனைக் கண்டெடுத்து அழைத்துவந்தார். பின்னாளில் உலகம் அறிந்த அன்டோனியோ இனோக்கி. ஆசானிடம் பட்ட அடிகளை இனோக்கி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பேஸ்பால் விளையாடிவிட்டு வந்த ஷோஹெய் பாபா இன்னொரு சீடர். மூன்றாமவர் கிம் இல். தென்கொரியக்காரர். ரிக்கிடோசானைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, அனுமதி இல்லாமல் கடல் கடந்து வந்து பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர். கடிதம் கிடைத்ததும் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி அவரை வெளியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார் ரிக்கிடோசான். ஆனால் கொரியர் என்ற பெயரோடு இல்லை, ஓக்கி கின்தாரோ என்ற ஜப்பானியப் பெயரில். 1960 செப்டம்பர் 30 அன்று இனோக்கியும் பாபாவும் முதல் முறையாகக் கோதா ஏறினார்கள். இனோக்கியை அன்று தோற்கடித்தவர் இந்தக் கிம் இல்தான்.

அந்த நாட்களில் ஜப்பானில் வாழ்ந்த கொரியர்களுக்கு ரிக்கிடோசானின் பிறப்பு ஊரறிந்த ரகசியம். ரிக்கிடோசான் நம்மவர் என்று தங்களுக்குள் சொல்லிப் பெருமைப்பட்டார்கள், வெளியே சொல்லவில்லை. பேஸ்பால் நட்சத்திரம் ஹரிமோட்டோ இசாவோவும் கொரிய வம்சம். ரிக்கிடோசானின் வீட்டுக்குப் போய்வந்த நாட்களைப் பற்றி அவர் பின்னாளில் பேசியிருக்கிறார். கதவைச் சாத்தி, வேறு யாருக்கும் கேட்காதபடி, வானொலியில் கொரியப் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்பாராம் அந்தச் சாம்பியன். தேசமே தன் குரலைக் கேட்கக் காத்திருந்த ஒரு மனிதருக்குத் தாய்மொழிப் பாட்டைக் கேட்கக் கதவைச் சாத்தவேண்டியிருந்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும் இடம் இதுதான்.

1963 ஜனவரியில் ஜப்பானியப் பத்திரிகைகளின் சத்தமில்லாமல் தென்கொரியா போனார். இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவே இல்லாத காலம். சியோலில் அவருக்குப் பெரிய வரவேற்பு. இரண்டு கொரியாக்களும் எதிரெதிரே நிற்கும் பன்முன்ஜோம் எல்லைக்கும் போனார். உடன் சென்றவர்கள் சொன்ன கதை இது: கடுங்குளிரில் மேல்கோட்டைக் கழற்றினார், சட்டையையும் கழற்றினார், வெற்று மார்போடு வடக்கே பார்த்து, அண்ணனை அழைத்து ஒரு கூச்சல் போட்டார். இரு தரப்புக் காவல் வீரர்களும் துப்பாக்கியைத் தூக்கினார்களாம். ஜப்பான் திரும்பியதும் பழையபடி நாகசாகிக்காரர் ஆனார். பயணத்தைப் பற்றி எழுதிய பத்திரிகை மீது கடும் கோபம் கொண்டார்.

அந்த ஆண்டு ஜூனில் விமானப் பணிப்பெண் ஒருவரை ஊர் மெச்சத் திருமணம் செய்துகொண்டார். ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. 1963 டிசம்பர் 8 இரவு, அகாசாகாவின் நியூ லத்தீன் குவார்ட்டர் விடுதி. கழிப்பறைக்குப் போகும் வழியில் 24 வயது யாகுசா இளைஞன் ஒருவனோடு, காலை மிதித்தாய் என்று தொடங்கிய வாய்த்தகராறு. ரிக்கிடோசான் ஓங்கி அடித்துக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார். அவன் கத்தியை எடுத்து வயிற்றில் குத்தினான். காயம் ஆழமில்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. பிறகு வயிற்றுக்குள் அழற்சி கண்டது. டிசம்பர் 15 அன்று இரண்டாவது அறுவை சிகிச்சை. அன்று இரவே உயிர் போனது. வயது 39. சொன்ன பேச்சைக் கேட்காமல் மருத்துவமனையில் சோடா குடித்தார், அதனால் செத்தார் என்று கதை கட்டினார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது சுவாசக் குழாயைச் சரியாகச் செலுத்த முடியாமல் போனதே காரணம் என்று பிற்காலத்தில் ஒரு மருத்துவப் பேராசிரியர் விளக்கினார். கட்டுடல் வீரர்களின் தடித்த கழுத்துக்கு அப்படியொரு ஆபத்து உண்டு.

டோக்கியோவின் இக்கேகாமி ஹொன்மொன்ஜி கோயில் வளாகத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிய வெண்கலச் சிலை அங்கே நிற்கிறது. அவர் கொரியர் என்ற செய்தி ஜப்பானிய வாசகர்களுக்கு வெளிப்படையாகத் தெரியவர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. வடகொரியா அவரைத் தன் மாவீரர் என்று கொண்டாடி நூல் வெளியிட்டது. 2004-ல் தென்கொரியா அவர் வாழ்க்கையைத் திரைப்படமாக்கியது. சோல் கியோங்-கு அவராக நடித்தார், வசனத்தின் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில்.

அவர் விட்டுச்சென்ற கழகம் 10 ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. 1972 ஜனவரியில் இனோக்கியும் அக்டோபரில் பாபாவும் ஆளுக்கொரு கழகம் தொடங்கிப் பிரிந்தார்கள். அந்த இனோக்கிதான் 1995 ஏப்ரலில் வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கின் மே தின மைதானத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னால், அமெரிக்க மல்லர் ரிக் ஃப்ளேரோடு மோதினார். ஆசான் பிறந்த நாட்டில் ஆடவேண்டும் என்பதுதான் அந்தப் பயணத்துக்கு அவர் சொன்ன காரணம். அதற்கு முன்பே, 1976-ல் முகமது அலியைத் தன் கோதாவுக்கு இழுத்துவந்து 15 சுற்றுகள் படுத்தபடியே சண்டை போட்ட விசித்திரமும் இனோக்கியுடையதுதான். அடுத்த வாரம் அவரைச் சந்திப்போம்.